எட்டாம் வாய்க்காலில் ஒரு விமானி



சென்ற இதழுக்கு வந்த கடிதங்களில் ஒன்று கொப்பி ஒற்றையில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் எட்டாம் தரத்தில் படிக்கிற ஒரு பெண்பிள்ளை. முகவரியில் கிளிநொச்சி, உருத்திரபுரம், எட்டாம் வாய்க்கால் என்று இருந்தது. கேள்வி ஒன்றுதான்: "ஐயா, நான் விமானியாக வந்தால் உருத்திரபுரத்திலேயே இருக்கலாமா, இல்லாட்டி கொழும்புக்குப் போகத்தான் வேணுமா?" கீழே ஒரு பின்குறிப்பும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வழமையாக இப்படியான கேள்விக்குக் கேள்வி பதில் பகுதியில் நாலு வரி போட்டு முடித்துவிடுவோம். இதை அப்படி விட மனம் வரவில்லை. என் வயதுக்காரர் இந்த ஊரில் ஆகாயத்தைப் பார்த்து வளர்ந்த விதம் வேறு. போர்க்காலத்தில், மேலே வருகிறது பொம்மரா, கிபிர் ஜெட்டா, வண்டு என்ற வேவு விமானமா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். சொல்லி வாய் மூடமுன் பங்கருக்குள் இருப்போம். மேலே போகிறதை ஓட்டுகிற ஆளுக்கும் ஒரு வீடு இருக்கும், அவரும் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வெளிக்கிடுவார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்தப் பிள்ளை யோசித்திருக்கிறார். விமானம் ஓட்டப் படிப்பது எப்படி, எவ்வளவு செலவு என்றெல்லாம் கேட்கவில்லை. அதெல்லாம் நடந்துவிடும் என்ற முடிவோடு, வீடு எங்கே என்று மட்டும் கேட்கிறார்.

ஆகவே இந்த மாதம் ஆசிரியர் பக்கம் அவருக்கானது. மற்றவர்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.

விமானிகள் 'பேஸ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு விமானியின் வேலை எந்த விமான நிலையத்தில் தொடங்கி எங்கே முடிகிறதோ அதுதான் அவருடைய பேஸ். விமானம் இரவில் எங்கே படுக்கிறதோ, பெரும்பாலும் அங்கேதான் விமானிக்கும் பேஸ் இருக்கும். மாடு கட்டுகிற இடத்தில்தானே பட்டிக்காரனும் படுக்க வேணும். ஸ்ரீலங்கன் ஏயார்லைன்ஸுக்குக் கட்டுநாயக்காதான் வீடு. அதனால் அதன் விமானிகள் நீர்கொழும்பு, கொழும்பு, இவற்றைச் சுற்றிய இடங்கள் என்று அண்டியே குடியிருக்கிறார்கள். கிளிநொச்சியிலிருந்து கட்டுநாயக்கா முந்நூறு கிலோமீற்றர் அளவு. 'ஸ்டான்ட்பை' நாட்களில் கூப்பிட்டவுடன் ஓரிரண்டு மணித்தியாலத்துக்குள் சீருடையோடு போய் நிற்க வேணும். கரடிப்போக்குச் சந்தியில் பஸ் பிடித்து அதைச் செய்ய முடியாது. வளைகுடா நாட்டுக் கம்பனிகள் வேறு வழி வைத்திருக்கின்றன. அவர்களே வீடு கொடுத்து, அல்லது வீட்டுக் காசு கொடுத்து, குடும்பத்தையும் அங்கேயே அழைத்து வைத்துக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் கதை மாறுகிறது. அங்கே பெரும்பாலான கம்பனிகள் விமானியை எங்கே குடியிருக்கிறாய் என்று கேட்பதில்லை. சொன்ன நேரத்துக்குப் பேஸில் நின்றால் போதும். சிக்காகோவில் பேஸ் உள்ளவர் புளோரிடாவில் வீடு வைத்திருக்கலாம். வீட்டுக்கும் பேஸுக்கும் இடையிலான பயணத்தையும் விமானத்திலேயே செய்வார்கள். இடம் இருந்தால் பயணிகள் ஆசனத்தில் இலவசமாக. இல்லாவிட்டால் விமானிகளின் முதுகுக்குப் பின்னால் விரித்து மடிக்கிற சின்ன ஆசனம் ஒன்று இருக்கிறதே, 'ஜம்ப் சீட்' என்பார்கள், அதில். வேறு கம்பனிக்காரராக இருந்தாலும் தலைமை விமானி சம்மதித்தால் ஏற்றிக்கொள்வார். அதுவும் நிரம்பிவிட்டால் அடுத்த விமானம். யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் பின்னேரம் நிற்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பை நான் விளக்கத் தேவையில்லை.

எந்தப் பேஸ் கிடைக்கும் என்பதை அங்கே நிர்ணயிப்பது மூப்பு. கம்பனியில் சேர்ந்த நாளில் ஒரு இலக்கம் விழும். மேலே இருக்கிறவர்கள் தங்களுக்குப் பிடித்த ஊர், பிடித்த விமானம், பிடித்த நாட்கள், நத்தார் லீவு எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சியது கீழே வரும். கம்பனி மாறினால் எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் வரிசையின் வாலில்தான் நிற்க வேணும். புதிதாகச் சேர்ந்த இளம் விமானிக்கு நியூயோர்க் மாதிரி வீட்டு வாடகை நெருப்பான பேஸ் விழும். தொடக்கச் சம்பளத்தில் அங்கே குடும்பத்தோடு வாழ்வது கஷ்டம். ஆகவே குடும்பம் ஊரில், ஆள் பேஸில்.

பேஸில் எங்கே படுப்பது? அதற்கு 'கிராஷ் பாட்' என்று ஒரு ஏற்பாடு. விமான நிலையத்துக்குக் கிட்ட ஒரு வீட்டையோ அடுக்குமாடி அறைகளையோ பலர் சேர்ந்து வாடகைக்கு எடுத்து, அடுக்குக் கட்டில்கள் போட்டு, வருகிறவர் படுத்து எழும்பிப் போவார். நியூயோர்க்கில் கியூ கார்டன்ஸ் என்ற பகுதியில் இப்படி விமான ஊழியர்கள் நிறைந்துபோய், 'குரூ கார்டன்ஸ்' என்று பகிடிப் பெயரே வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்மிடம் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: வாடி.

கிளிநொச்சி நகரம் 1936இல் உருவானது, யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கக் கொண்டுவந்த குடியேற்றத் திட்டத்தின் ஒரு பங்காக. இரணைமடுக் குளத்தின் வாய்க்கால்களுக்குப் பக்கத்தில் காணி கிடைத்தவர்களில் கனபேர் உடனே குடும்பத்தைக் கூட்டி வரவில்லை என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மலேரியாப் பயம், யானைப் பயம், பள்ளிக்கூடம் இல்லை. ஆம்பிளைகள் மட்டும் வந்து வாடி அடித்துத் தங்கி, விதைத்து, காவல் காத்து, வெட்டி, மூட்டையைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்புவார்கள். மனுசி பிள்ளைகள் அங்கே, நெல்லு இங்கே. நம்முடைய பூட்டன்மாரும் பேஸ் ஒரு இடம், வீடு ஒரு இடம் என்று ஓடித் திரிந்தவர்கள்தான். பிறகு கிணறு வெட்டினார்கள், தென்னை வைத்தார்கள், கோயிலடியில் பொங்கினார்கள். வாடி வீடானது.

அமெரிக்க விமானிகளிடம், ஏன் பேஸுக்கே குடிபெயரக்கூடாது என்று கேட்டால் ஒரு பதில் சொல்வார்களாம்: பேஸ் மாறும். யூ.எஸ். ஏயார்வேய்ஸ் 2004இல் பிட்ஸ்பர்க்கைத் தன் மைய நிலையமாக வைத்திருப்பதை விட்டது. டெல்டா 2005 தொடக்கத்தில் டலஸை விட்டது. கம்பனி ஒரு ஊரைவிட்டு எழும்பினால் அங்கே வீடு வாங்கியவர் என்ன செய்வார்? இரண்டு தரம் வீட்டை விற்று, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்றியவர் மூன்றாம் தரம் மாற மாட்டார். வீடு ஒரு இடத்தில் நிற்கட்டும், ஓடுகிறதை நான் ஓடுகிறேன் என்பார்.

இதை உருத்திரபுரத்துக்காரருக்கு விளக்க வேணுமா? 1996இல் வீட்டைப் பூட்டித் திறப்பையும் கொண்டு ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று போனவர்கள். திரும்பி வந்து கூரை போட்டு, பிறகு 2008இல் அந்தக் கூரையின் தகரங்களையும் கழற்றி உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போனவர்கள். செட்டிகுளத்து முகாமிலிருந்து விட்டபோது, எங்கே போகிறீர்கள் என்ற கேள்விக்கு வாய்க்கால் இலக்கத்தைச் சொன்னவர்கள். நம்மைக் கேட்டு யாரும் நம்மை இடம் மாற்றவில்லை. ஆகவே, இருக்கிற இடத்தைத் தானே தெரிவு செய்ய வேணும் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால், அவர் விமானியாக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும், எனக்கு உடனே கோபம் வருவதில்லை.

ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விலை உண்டு. அதைச் சிலவேளை வேறு ஆட்கள் கட்டுகிறார்கள். இந்தப் பகுதி கொஞ்சம் கனமானது. பிள்ளை, அம்மாவோடு இருந்து வாசியுங்கள்.

2009 பெப்ரவரி 12ஆம் திகதி இரவு, நியூயோர்க்குக்குப் பக்கத்து நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன கொல்கன் ஏயார் 3407 என்ற சிறிய விமானம், இறங்குவதற்குச் சில நிமிடங்கள் இருக்க ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். இரண்டு விமானிகளுக்கும் நியூவார்க்தான் பேஸ். இருவருக்கும் அங்கே வீடு இல்லை. தலைமை விமானியின் வீடு புளோரிடாவில். துணை விமானி நாட்டின் மற்றக் கரையில், சியாட்டில் பக்கத்தில் இருந்து வருபவர். சியாட்டிலுக்கும் நியூவார்க்குக்கும் இடையில், பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரைக்குமான நம் நாட்டை ஒன்பது தரம் நீட்டிப் படுக்க வைக்கலாம். அந்த இளம் பெண் முதல்நாள் இரவு வெளிக்கிட்டு, சரக்கு விமானங்களில் மெம்பிஸ் வழியாக, விடிய ஆறரைக்குக் கிட்ட நியூவார்க்கில் இறங்கினார். பகலில் ஊழியர் அறையின் சோஃபாவில் சரிந்து கிடந்தார். தடிமன் வேறு. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு விமானம் கிளம்பியது. அவருடைய சம்பளம் மிகக் குறைவு. அந்தக் காசில் நியூவார்க்கில் அறை எடுக்க முடியாது. கணவரோடு பெற்றோர் வீட்டிலேயே இருந்துகொண்டு வந்து போனார்.

விசாரணை செய்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, விபத்துக்குப் பயணக் களைப்பைக் காரணமாக எழுதவில்லை. விமானம் வேகம் குறைந்து எச்சரிக்கை கொடுத்தபோது தலைமை விமானி செய்ய வேண்டியதற்கு எதிராகச் செய்தார் என்பதுதான் தீர்ப்பு. களைப்பு இருவரையும் பாதித்திருக்கும், ஆனால் எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது என்றும் எழுதினார்கள். எனக்கு அந்த அறிக்கையில் மனதில் நின்றது வேறொரு கணக்கு. நியூவார்க் பேஸில் இருந்த அந்தக் கம்பனியின் 137 விமானிகளில் 93 பேர் வெளியூரிலிருந்து வந்து போகிறவர்கள். அதில் 49 பேரின் வீடு 640 கிலோமீற்றருக்கு அப்பால். அவர்களிலும் 29 பேரின் வீடு 1,600 கிலோமீற்றருக்கு அப்பால். விபத்து நடந்த பிறகுதான் இதை எண்ணிப் பார்த்தார்கள்.

பிறகு சட்டங்கள் வந்தன. 2014 ஜனவரி 4 முதல், ஒரு வேலைக்கு முன் பத்து மணித்தியால ஓய்வு, அதில் எட்டு மணித்தியாலம் தடையில்லாமல் நித்திரை கொள்ள வாய்ப்பு என்று அமெரிக்காவில் விதி. வீட்டுக்கும் பேஸுக்கும் இடையிலான தூரத்துக்கு மட்டும் யாரும் எல்லை போடவில்லை. அதற்கென்றே ஒரு அறிஞர் குழு இருந்து ஆராய்ந்து, 2011இல், தடை போடுகிற அளவுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு இரவிரவாகக் கிரிக்கெட் பார்த்துவிட்டு வருகிறவரும் உண்டு. தூரத்தை அளக்கலாம், நித்திரையை எதனால் அளப்பது?

இந்தியாவிலும் இந்த ஓய்வுக் கணக்கு பெரிய கலகமாகிவிட்டது. விமானிகளின் வார ஓய்வை 36 மணித்தியாலத்திலிருந்து 48ஆகக் கூட்டி, இரவு இறக்கங்களைக் குறைத்து அங்கே புது விதி வந்தது. அதற்குத் தேவையான விமானிகள் கையில் இல்லாமல், 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ கம்பனி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணங்களை நிறுத்தியது. நம் பலாலி விமான நிலையத்துக்கு 2024 செப்ரெம்பர் முதல் சென்னையிலிருந்து வருகிறதும் அதே கம்பனிதான். பயணிகள் நிலையங்களில் படுத்துக் கிடந்த படங்களைப் பார்த்துக் கம்பனியைத் திட்டினோம். விமானி நித்திரை கொள்ள வேணும் என்பதற்காக வந்த விதி அது என்பதைப் பேசியவர்கள் குறைவு.

பலாலி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தரைப்பாதை அடைபட்டுக் கிடந்த காலத்தில் பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையில் பறந்த பழைய அன்டனோவ் விமானங்களை நம்மில் கனபேர் மறக்கவில்லை. 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி அப்படிப் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏயார் விமானம் ஒன்று 55 பேரோடு மன்னார்க் கடலில் காணாமற்போனது. அதன் பாகங்கள் பதினாலு வருடம் கழித்து, நம் மாவட்டத்து இரணைதீவுக் கடலடியில் கிடந்தது தெரியவந்தது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் அந்தத் திகதிக்கு விளக்கு ஏற்றுவார்கள். அந்த நாட்களில் அன்டனோவ் விமானங்களை ஓட்டியவர்களில் பலர் முன்னாள் சோவியத் நாடுகளிலிருந்து வந்தவர்கள். குளிர் தேசத்தில் எந்த ஊரில், எந்த ஒழுங்கையில் அவர்களுடைய வீடு இருந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. எட்டாம் வாய்க்கால் பிள்ளையின் கடிதத்தை மடித்து வைத்தபோதுதான் எனக்கு அவர்களின் நினைவு வந்தது.

இனி நம் ஊர்க் கதைக்கு வருவோம். உருத்திரபுரத்தில் விமானி இல்லை. ஆனால் விடிய நாலரைக்கு எழும்பி, யாழ்ப்பாணத்திலிருந்து அறுபத்தைந்து கிலோமீற்றர் ஓடி வந்து, ஏழரைக்கு வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழமுன் கையொப்பம் வைக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தாதியர் இருக்கிறார்கள், வங்கிக்காரர், கச்சேரி உத்தியோகத்தர் இருக்கிறார்கள். ஹயஸ் வானில் பதினாலு பேர் சேர்ந்து மாதக் கணக்குக்கு வருவார்கள். 1990இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கும் அடுத்த வருடம் யாழ்ப்பாணத்துக்கும் திரும்ப ஓடத் தொடங்கியது அவர்களில் சிலருக்குக் கை கொடுத்தது. "வருகிறார்கள், கையொப்பம் வைக்கிறார்கள், இரண்டு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள்" என்று பெற்றோர் குறை சொல்வது என் காதிலும் விழுகிறது. இந்த மேசைக்கே அப்படி மாதம் ஒரு கடிதமாவது வரும். மூன்றாம் பாடத்தில் ஆசிரியர் கண்ணயர்ந்தால் இழப்பு நம் பிள்ளைக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆசிரியைக்கும் யாழ்ப்பாணத்தில் ஒரு குழந்தை நித்திரையால் எழும்பாமலே இருக்கும். அதன் முகத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பார். இங்கே வாடகைக்கு ஒரு நல்ல வீடு கேட்டு அலைந்து கிடைக்காமல் போனவர்களையும் எனக்குத் தெரியும். கஷ்டப் பிரதேசச் சேவை என்று நாலைந்து வருடத்துக்கு அனுப்பிவிட்டு, முடிந்ததும் இடமாற்றம் என்றால், யார் தென்னை வைப்பார்கள்?

அமெரிக்காவில் விமானிகளை எண்ணியது போல நம் பாடசாலைகளிலும் ஒரு தரம் எண்ணிப் பார்க்கலாம் என்று எனக்கு ஆசை. யார் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு எழும்புகிறார், இங்கே தங்க என்ன இருந்தால் தங்குவார் என்று. அதிபர்மார் மனம் வைத்தால் ஒரு வாரத்து வேலை. வந்து போகிறவர்களும் எழுதுங்கள். பெயர் போடாமலும் எழுதலாம். அடுத்த இதழில் நாலு பக்கம் உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறேன்.

எழுதுகிற எனக்கும் இதில் பங்கு இருக்கிறது. இந்தச் சஞ்சிகை உருத்திரபுரத்தில் எழுதப்பட்டாலும் அச்சாகிறது யாழ்ப்பாணத்தில். மாதத்தில் நாலைந்து நாள் விடியப்புறம் நான் வடக்கே போவேன். அநேகமாக ஆனையிறவில் அந்த ஹயஸ் வான்கள் எதிரே வரும். உப்புக்காற்று அடிக்காமல் கண்ணாடிகளை மூடி, தலையைச் சாய்த்து எல்லாரும் நித்திரை. அவர்களின் பேஸை விட்டு நான் போகிறேன், என் பேஸை விட்டு அவர்கள் வருகிறார்கள்.

பிள்ளை, உங்கள் கேள்விக்குப் பதில். இன்றைய நிலைமையில், கட்டுநாயக்காவில் வேலை என்றால் அங்கே கிட்ட ஒரு வாடியாவது வேணும். லீவு நாட்களில் யாழ்தேவி ரயிலில் வந்து போகலாம். அமெரிக்கக் கம்பனி என்றால் எங்கேயும் வீடு வைக்கலாம், ஆனால் பேஸ் இங்கே கிட்டவாக இருக்காது. பலாலிக்குச் சென்னையிலிருந்து வரும் விமானம் ஆட்களை இறக்கி, ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுகிறது. இரவில் அங்கே படுப்பதில்லை. ஒருநாள் அது பலாலியில் படுக்கத் தொடங்கினால், உருத்திரபுரத்திலிருந்து எண்பது சொச்சம் கிலோமீற்றர். உங்கள் கணித ரீச்சர் இப்போதே கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தினமும் ஓடித்தான் வருகிறாரோ தெரியாது, கேட்டுப் பாருங்கள்.

இனிப் பின்குறிப்பு. "எங்கட வயல் மூன்று ஏக்கர். அதிலேயே விமானத்தை இறக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பலாலிக்கு வருகிற ஏ.டி.ஆர். 72 என்ற விமானத்துக்கு ஓடி எழும்ப 1,300 மீற்றர் அளவு நீளம் வேணும். அகலம் முப்பது மீற்றர் என்று வைத்தால் கிட்டத்தட்ட பத்து ஏக்கர் வருகிறது, அதுவும் ஒரே நேராக. பக்கத்து வயல்காரர் பலரைச் சம்மதிக்க வைக்க வேணும். வரம்பையெல்லாம் வெட்ட உங்கள் அப்பப்பா விடுவாரா என்று முதலில் விசாரித்து எழுதுங்கள். காலபோகம் வெட்டி முடிந்த பிறகு கேட்டால் நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்